மணிக்கணக்கு மட்டும் போதாது: செவிலிய மாணவர் பயிற்சி குறித்து ஒரு கருத்து

மருத்துவமனை வார்டுகளில் சீருடையணிந்த செவிலிய மாணவ மாணவியர் காலை வேளையில் அணியாக வந்து நிற்பதை நோயாளிகளும் உடனிருப்போரும் நாள்தோறும் காண்கின்றனர். அவர்கள் இரத்த அழுத்தம் பார்க்கின்றனர், நாடித்துடிப்பை எண்ணுகின்றனர், படுக்கை விரிப்பை மாற்றுகின்றனர், சிலவேளை ஒருவர் கேட்டுச் சென்ற கேள்வியையே அடுத்தவரும் வந்து கேட்கின்றனர். “இவர்கள் எங்கள் உடம்பிலா பாடம் படிக்கிறார்கள்?” என்று உடனிருப்போர் பலர் எங்களிடம் வினவுவதுண்டு. கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பாமல் விடை கூறுவது மருத்துவர்களாகிய எங்கள் கடமை.

ஆம், அவர்கள் கற்கிறார்கள். நோயாளியின் அருகில் நின்றேயன்றிச் செவிலியத்தைக் கற்க வழியில்லை. ஆனால் அந்தக் கல்வி யாருடைய கண்காணிப்பில், எத்தனை பேர் கூடிய வார்டில், எந்த ஒழுங்கில் நடைபெறுகிறது என்பதில்தான் நோயாளியின் பாதுகாப்பு அடங்கியுள்ளது. எங்கள் கருத்து இதுதான்: மேற்பார்வையோடு கழிந்த மணியே பயிற்சி மணி. மேற்பார்வையின்றிக் கழிந்த மணி ஏட்டில் ஏறியிருந்தாலும் அது பயிற்சியாகாது. மாணவரின் பயிற்சி நேரத்தைத் திட்டமிடுவோர் மணிகளை எண்ணுவதற்கு முன்பு மேற்பார்வையாளர்களை எண்ண வேண்டும்.

விதி கேட்பது என்ன?

பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் படிப்பாகும். இந்திய நர்சிங் கவுன்சில் திருத்தியமைத்து 2021ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பாடத்திட்டத்தின்படி, அது எட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வகுப்பறைப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம். மருத்துவமனைப் பயிற்சியில் ஒரு கிரெடிட் பெற வாரத்துக்கு நான்கு மணி நேரம் வேண்டும். இருபது வாரப் பருவத்தில் முன்னது 20 மணி, பின்னது 80 மணி. கையால் கற்பதற்குக் காலம் மிகுதியாகத் தேவை என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது.

முதல் பருவத்திலேயே செவிலிய அடிப்படைப் பாடத்துக்காக மாணவர் 160 மணி நேரம் வார்டில் பயில வேண்டும். எட்டாம் பருவம் முழுவதும் உள்ளிருப்புப் பயிற்சியாகும்: வாரம் 48 மணி வீதம் 22 வாரங்கள், மொத்தம் 1,056 மணி நேரம். வகுப்பறையில் 80 விழுக்காடு வருகை இருந்தால் தேர்வெழுதலாம். ஆனால் பட்டம் பெறுவதற்குள் ஒவ்வொரு பயிற்சிப் பிரிவிலும் முழு வருகையை நிறைவு செய்தாக வேண்டும். விட்டுப்போன நாட்களை ஈடுசெய்யாமல் பட்டம் இல்லை.

பிற நாடுகளிலும் இதுபோன்ற கணக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுச் செவிலியர் கல்விக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் விதிக்கப்பட்டுள்ளது. அதில் பாதியேனும் நோயாளிகளுடன் கழிய வேண்டும். ஆக, மணிகளை எண்ணுவது தவறன்று. எண்ணுவதோடு நின்றுவிடுவதே தவறு.

ஒரே எட்டு மணி, இரு வேறு கல்வி

எடுத்துக்காட்டாக, இன்சுலின் ஊசியை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் இன்சுலின் இருவகைச் செறிவில் கிடைக்கிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்டது ஒன்று; 100 அலகு கொண்டது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிச் சிரிஞ்சு உண்டு. 40 அலகுச் சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறம். 100 அலகுச் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். 100 அலகு மருந்தை 40 அலகுச் சிரிஞ்சில் பத்துக் கோடு வரை இழுத்தால், நோயாளியின் உடலுக்குள் செல்வது பத்து அலகு அன்று, இருபத்தைந்து அலகு. இரத்தச் சர்க்கரை வீழ்ந்து மயக்கம் வர அது போதும்.

இதைப் புத்தகத்தில் படித்த மாணவி தேர்வில் சரியாக எழுதிவிடுவாள். ஆனால் ஒரே நேரத்தில் ஆறு நோயாளிகள் உணவுக்குக் காத்திருக்கும் வேளையில், மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் அருகருகே வைத்து, “ஊசி போடுவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டு” என்று சொல்லும் மூத்த செவிலியர் ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் அந்த அறிவு கைக்கு வரும். அவர் நின்றிருந்த எட்டு மணி நேரமும், அவர் இல்லாமல் மாணவி அதே வார்டில் வெப்பநிலைப் பட்டியலை நிரப்பிக்கொண்டிருந்த எட்டு மணி நேரமும் வருகைப் பதிவேட்டில் ஒன்றாகவே தோன்றும். நோயாளிக்கோ இரண்டும் ஒன்றல்ல.

மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்துவதும் அப்படிப்பட்டதே. உணவு செலுத்தும் முன் குழாய் இடம் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பதையும், நோயாளியின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதையும் ஒருமுறை விட்டாலும் உணவு நுரையீரலுக்குள் செல்லக்கூடும். அசைய இயலாத நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது முதுகும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று பார்க்கப் பழகாத கண், படுக்கைப்புண் தொடங்குவதைத் தவறவிடும். இவையெல்லாம் பக்கத்தில் நின்று காட்டி, செய்யவைத்து, திருத்தி, மீண்டும் செய்யவைப்பதால் மட்டுமே வருபவை.

படுக்கைக் கணக்கு

ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதத்தை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளது. முப்பது படுக்கை உள்ள வார்டில் பத்து மாணவருக்கு மேல் இருக்கலாகாது என்பது இதன் பொருள். நடைமுறையில் அந்த முப்பதும் கிடைப்பதில்லை. சில படுக்கைகள் காலியாக இருக்கும். சிலர் ஸ்கேனுக்கும் அறுவை அரங்குக்கும் சென்றிருப்பர். சிலர் தொற்றுக்காகத் தனித்து வைக்கப்பட்டிருப்பர். சிலர் மாணவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பர். எஞ்சும் நோயாளிகளைக் கொண்டே அன்றைய கணக்கைப் போட வேண்டும்.

இதே வார்டுக்கு மற்றொரு கல்லூரியின் மாணவரும் மருத்துவ மாணவரும் அதே காலை வேளையில் வந்தால் என்ன ஆகும்? ஒரு முதியவரிடம் ஒரே முற்பகலில் மூன்று முறை இரத்த அழுத்தம் பார்க்கப்படும். ஆனால் அவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல ஒருவரும் இருக்க மாட்டார். கூட்டம் பெருகப் பெருகக் கவனிப்புக் குறையும் விந்தை இது. ஆதலால் மாணவர் சுழற்சி அட்டவணை கல்லூரியின் கால அட்டவணையிலிருந்து தொடங்காமல், வார்டின் கொள்ளளவிலிருந்து தொடங்க வேண்டும். வார்டின் பொறுப்புச் செவிலியரைக் கேட்காமல் அட்டவணை வரையலாகாது.

பெரும்பாலான அட்டவணைகள் காலை வேளையையே நாடுகின்றன. இதுவும் மாற வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும் நோயாளியை முதலில் பார்ப்பவர் செவிலியரே. பகலில் மட்டும் பயின்றவர் பட்டம் பெற்றபின் முதல் இரவுப் பணியில் தனியே நிற்கும்போது அவருக்கும் இடர், நோயாளிக்கும் இடர். மேற்பார்வையாளருடன் கூடிய மாலைப் பணியும் இரவுப் பணியும் இறுதியாண்டில் கட்டாயம் அமைய வேண்டும். அதுபோலவே, நாளொரு வார்டு என்று மாற்றாமல், ஒரே நோயாளியை அனுமதி நாள் முதல் வீடு திரும்பும் நாள் வரை பின்தொடரும் வாய்ப்பும் மாணவருக்கு வேண்டும். நோய் தணிவதையும் முற்றுவதையும் தொடர்ந்து கண்டவருக்கே மாற்றத்தின் முதல் அறிகுறி பிடிபடும்.

மாணவர் பணியாளர் அல்லர்

இவ்விடத்தில் ஒன்றை வெளிப்படையாகக் கூற வேண்டியுள்ளது. செவிலியர் பற்றாக்குறை உள்ள எந்த மருத்துவமனைக்கும் மாணவரைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பும் ஆசை எழுவது இயல்பு. சீருடையில் இருக்கிறார், கையும் காலும் உண்டு, ஊதியம் இல்லை. ஆயினும் பணிப்பட்டியலில் மாணவரை ஓர் ஆளாகக் கணக்கிடும் அந்த நொடியிலேயே கல்வியும் பாதுகாப்பும் ஒருசேர விடைபெறுகின்றன. மாணவர் ஒருவரும் வராத நாளிலும் வார்டு குறைவின்றி நடக்க வேண்டும். அப்படி நடக்குமா என்பதே எந்த மருத்துவமனைக்கும் உரிய சோதனை.

“மேற்பார்வையாளர் இல்லையெனில் பயிற்சியும் இல்லை என்றால், மாணவர் எப்போது மணிகளை முடிப்பது? பட்டம் தள்ளிப்போகாதா?” என்று நிருவாகத்தார் கேட்கலாம். இக்கேள்வியை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. கடன் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு ஆறு மாதத் தாமதம் பெருஞ்சுமை. ஆனால் தீர்வு மேற்பார்வையைக் கைவிடுவதில் இல்லை. வார்டின் அனுபவமிக்க செவிலியர் சிலரைப் பயிற்றுநராக அமர்த்தி, அந்நாட்களில் அவர்களுடைய நோயாளிச் சுமையைக் குறைக்கலாம். மாணவரைக் காலை, மாலை, இரவு எனப் பிரிக்கலாம். அவ்வாறும் இயலாதபோது, வார்டுகள் தாங்கும் அளவுக்கே மாணவரைச் சேர்க்க வேண்டும்.

பொம்மை மாதிரிகளைக் கொண்ட திறன் பயிற்சிக் கூடமும் கைகொடுக்கும். அமெரிக்காவில் 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தரமான மாதிரிப் பயிற்சி மருத்துவமனை மணிகளில் பாதி வரை ஈடுசெய்தபோதும் மாணவரின் தேர்ச்சி குறையவில்லை என்று கண்டனர். ஆனால் அங்கும் தேர்ந்த பயிற்றுநர் உடனிருந்தனர் என்பதை மறக்கலாகாது. முதல் ஊசியைப் பொம்மையின் கையில் போட்டுப் பழகிவிட்டு நோயாளியிடம் வருவது முறை. வலியில் முகம் சுளிப்பவரிடம் பேசப் பழகுவதற்கு மட்டும் பொம்மை உதவாது.

உங்கள் உரிமையும் உங்கள் பங்கும்

நோயாளிகளும் உடனிருப்போரும் நினைவில் கொள்ள வேண்டியவை சில:

1. உங்களை அணுகும் மாணவர் தம் பெயரையும், தாம் எந்த ஆண்டு மாணவர் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிடில் தயங்காமல் கேளுங்கள்.

2. ஊசி, குழாய், மருந்து ஆகிய எதையும் மாணவர் செய்யும்போது பொறுப்பான செவிலியரோ ஆசிரியரோ அருகில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையெனில், “சிஸ்டரைக் கூப்பிடுங்கள், பிறகு செய்யலாம்” என்று சொல்வது உங்கள் உரிமை. அது எவரையும் அவமதிப்பதாகாது.

3. மாணவர் வேண்டாம் என்று மறுக்கலாம். முழுவதுமாக மறுக்கலாம், குறிப்பிட்ட ஒன்றுக்கு மட்டும் மறுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அதனால் உங்கள் சிகிச்சை சிறிதும் குறையக்கூடாது.

4. களைப்பாக இருந்தால், ஒருவர் வந்து சென்றபின் மற்றவர் பிறகு வரட்டும் என்று கூறுங்கள். வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம் அதைத் தெரிவித்தால் போதும்.

5. நன்றாகச் செய்த மாணவரை அவருடைய ஆசிரியரின் முன்னிலையில் பாராட்டுங்கள். வலித்தால் வலித்தது என்றும் சொல்லுங்கள். இரண்டும் பாடமே.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946இல் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை நம் நாட்டில் பட்டம் பெற்ற ஒவ்வொரு செவிலியரும், பெயர் தெரியாத நோயாளிகள் பலர் கை நீட்டிக் கொடுத்ததால்தான் கற்றனர். இன்று உங்களுக்கு நள்ளிரவில் துல்லியமாக மருந்து கொடுக்கும் செவிலியரும் அவ்வாறு கற்றவரே. நாளை உங்கள் பேரக்குழந்தையைக் கவனிக்கப்போகிறவர் இன்று உங்கள் படுக்கையருகே தயங்கி நிற்கும் அந்த மாணவியாக இருக்கலாம்.

நீங்கள் நீட்டும் கை ஒரு கொடை. கொடையைப் பெறுவோருக்கு அதைக் காக்கும் பொறுப்பும் உண்டு. மாணவரின் பக்கத்தில் அறிந்தவர் ஒருவரை நிறுத்துவதே அந்தப் பொறுப்பின் முதற்படி. மருத்துவமனைகளும் கல்லூரிகளும் இதை விருப்பத்துக்கு விடாமல், பயிற்சித் திட்டத்தின் முதல் வரியாகவே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.