டீசல் பம்ப் எந்த மாடியில்?

சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் பெரிய அலுவலக வளாகத்துக்குள் நுழைந்தால் 'பசுமைக் கட்டடம்' என்றொரு தகடு வரவேற்பறையில் பளபளக்கும். அதில் பொய் இல்லை. கண்ணாடி, விளக்கு, ஏ.சி. எல்லாமே மின்சாரத்தை மிச்சம் பிடிப்பவைதாம். ஆனால் இந்தச் சாலையைப் படுத்துவது கரண்ட் பில் அல்ல, தண்ணீர்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டுப் பக்கம் கடலைத் தேடும். அந்த வழியில்தான் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக எழும்பியிருக்கின்றன. நான்கே ஆண்டில் காட்சி தலைகீழ்: 2019 ஜூனில் தண்ணீர் இல்லாமல் சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன.

மின்சார மிச்சத்துக்குள்ளேயே ஒரு வம்பு இருக்கிறது. மின்செலவைக் குறைக்கத்தான் பெரிய வளாகங்களில் தண்ணீரால் குளிரூட்டும் சில்லர்களைப் போடுகிறார்கள். மாடியிலுள்ள கூலிங் டவரில் அந்தத் தண்ணீர் பகல் முழுக்க ஆவியாகிக்கொண்டே இருக்கும். மீட்டர் மெல்லச் சுற்றும், தண்ணீர் லாரி அடிக்கடி வரும். கழிவுநீரைச் சுத்திகரித்து டவருக்கு அனுப்பும் வளாகங்கள் பெருமளவு தப்பிக்கின்றன.

மேலே விழுவதையாவது பிடிக்கலாமே? சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. 50,000 சதுர அடி மொட்டை மாடியில் அது 65 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 540 லோடு. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் இங்கே கட்டாயம். ஆனால் பெரும்பகுதி மழை ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிடும். பெரிய தொட்டி இல்லையென்றால் அத்தனையும் தெருவுக்குத்தான். அடித்தளத்தில் தொட்டிக்கு இடம் ஒதுக்கினால் கார் பார்க்கிங் குறையும். பில்டருக்கு அது கசக்கும்.

சொந்தமாகக் கட்டி, சொந்தமாகவே பில் கட்டுகிறவர்கள் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். இன்ஃபோசிஸ் ஹைதராபாத் போச்சாரம் வளாகத்தில் 2011-இல் ஒரு கட்டடத்தை இரண்டு பாதியாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு வழக்கமான ஏ.சி.; மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் குழாய்ப் பாதி குளிரூட்டலுக்கு 34 சதவீதம் குறைவான மின்சாரமே எடுத்தது. போட்ட செலவும் ஏறக்குறைய அதேதான், சற்றுக் குறைவு என்றே சொல்லலாம். வாடகைக்கு விடும் கட்டடங்களில் இதைப் பார்ப்பது அரிது. கட்டுகிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் இன்னொருவர் என்றால் யாருக்கு அக்கறை?

வெள்ளக் காப்பு விஷயத்திலும் தகடு உதவாது. 2012-இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெல்வியூ மருத்துவமனையின் அவசர ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் பத்திரமாகவே இருந்தன. அவற்றுக்கு டீசல் ஏற்றும் பம்ப் மட்டும் அடித்தளத்தில். அது மூழ்கியதும், ஊழியர்கள் வரிசையாகப் படியில் நின்று கைமாற்றி எரிபொருளைத் தூக்கினார்கள். சென்னையில் ஆபீஸ் பார்க்க வருகிறவர்கள் சதுர அடி வாடகை, பராமரிப்புக் கட்டணம், எத்தனை கார் நிறுத்தலாம் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் எந்த மட்டத்தில், டீசல் பம்ப் எங்கே என்று கேட்டால் காட்டுகிற புரோக்கரே ஒருகணம் முழிப்பார். கீழே போய் வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டியிருக்கும்.