பூமிக்கடியில் குளிர் தேடுமுன் மொட்டை மாடிப் பைப்பைப் பாருங்கள்



போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வெளியே நிற்கும்போது ஒரு நானா சுவீடனிலிருந்து வந்த வீடியோவைக் காட்டினார். வீட்டு முற்றத்தில் ஆழமாகத் துளையிட்டு, பைப் இறக்கி, மாரியில் வீட்டைச் சூடாக்குகிறார்கள். கோடையில் அதே பைப்பால் குளிராக்குகிறார்கள். "நம்மட பள்ளிக்கும் இப்படிச் செய்தா ஏசி பில் குறையும்தானே சேர்?" என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் செலவாகப்போவது ஊர்ப்பணம். அதனால் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே துளை 100, 200 மீற்றர் வரை போகும். உள்ளே யூ வடிவப் பொலிஎதிலீன் பைப். அதில் உறையாமலிருக்க எதனோல் கலந்த நீர் சுற்றிவரும். மூட்டுகளைப் பசை பூசி ஒட்டுவதில்லை, உருக்கி இணைப்பார்கள். அந்த ஆழத்தில் கசிந்தால் யார் தோண்டுவது?

விஷயம் பைப்பில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. சில மீற்றருக்குக் கீழே நிலத்தின் வெப்பநிலை அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டியே இருக்கும். தென் சுவீடனில் அது சுமார் 8 பாகை. நம் கிழக்குக் கரையில் சுமார் 28. எட்டுப் பாகை நீர் அறையைக் குளிராக்கும், இருபத்தெட்டு ஆக்காது. இயந்திரம் வைத்தால் ஓரளவு மிச்சம் வரும், ஆனால் துளைச் செலவுக்கு அது காணாது. அவர்கள் மாரியில் எடுத்த வெப்பத்தைக் கோடையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். நாம் வருடம் முழுக்க நிலத்துக்குள் கொட்ட மட்டும்தான் செய்வோம்.

இப்போது ளுஹர் நேரத்தில் வுழூ எடுக்கும் பைப்பைத் திறந்து பாருங்கள். கை சுள்ளென்று சுடும். சின்னப் பிள்ளைகள் கையை இழுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள் சூடு போகும்வரை தண்ணீரைச் சும்மா ஓடவிடுகிறார்கள். ஒவ்வொரு பைப்பிலும், ஒவ்வொரு நாளும். வீண்விரயம் கூடாது என்று உள்ளே பயான் நடக்கிறது, வெளியே தண்ணீர் கானுக்குள் ஓடுகிறது!

காரணம் தெரிந்ததுதான். கறுப்புத் டாங்கி வெயிலில் நிற்கிறது, பைப் கொதிக்கும் கொங்கிரீட் மேல் கிடக்கிறது. டாங்கிக்கு மேலே காற்றுப் போக இடைவெளி விட்டு ஒரு கூரை போடுங்கள். பைப்பை நிழல் பக்கச் சுவரால் இறக்கி, இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். அந்த ஆழத்துக்குப் பகல் வெயிலின் சூடு வந்துசேராது. மண் மூடுமுன் ஒரு நாள் தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்துக்கொள்ளுங்கள்.

பூமியின் குளிர்ச்சியில் நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான். ஒரு மேசனும் பைப் வேலைக்காரரும் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். நிர்வாக சபையில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் முதலில் இதைப் பேசுங்கள். வீடுகளிலும் செய்யலாம். மண் வெட்ட ஆள் தேவையென்றால் நானும் வருகிறேன்.