இருண்ட நாளிலே பேசவேண்டிய கருவி!

திண்டிவனம்–புதுவை சாலைக்குப் பக்கத்திலே இருக்கிறது இரும்பை. அங்குள்ள மாகாளேசுவரர் கோயிலைப்பற்றி ஒரு கதை சொல்வார்கள். நாட்டிலே மழை இல்லை. மன்னன் காரணம் தேடினான். மரத்தடியிலே தவமிருந்த கடுவெளிச் சித்தரின் தவ வெப்பந்தான் மேகத்தை விரட்டுகிறது என்றார்களாம்! ஆடல் மகள் ஒருத்தியை ஏவித் தவத்தைக் கலைத்தானாம் மன்னன்!

ஏரியைத் தூர் வாரினானா? இல்லை! எங்கே எவ்வளவு பெய்தது என்று அளந்தானா? அதுவும் இல்லை! மழைக்குக் கணக்கில்லாத காலம். கதை மட்டும் மிஞ்சிற்று.

நாம் வாழ்வது கணக்குள்ள காலம், தோழர்களே! 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுவையிலே 48 செ.மீ. மழை, மயிலத்திலே 50 செ.மீ. அளவுக்கு மழை. மின்கம்பங்கள் சாய்ந்தன, ஊர்கள் இருளில் மூழ்கின. எந்த ஏரி நிரம்பும், எந்தத் தெருவைக் காலி செய்யவேண்டும் என்று முடிவெடுக்க, அந்த இரவிலே குடை பிடித்துச் சென்று மழையை அளப்பவர் யார்? தானியங்கி மழைமானிதான் சொல்லவேண்டும்.

கம்பியிலே வரும் மின்சாரத்தை நம்பினால் அதுவும் ஊரோடு சேர்ந்து ஊமையாகும். ஆகவே அதற்குத் தனி வரவு: தலைமேலே ஒரு சின்னச் சூரியத் தகடு. தனிச் சேமிப்பு: ஒரு பேட்டரி. செலவோ நாட்கூலிக்காரன் வீட்டுச் செலவைப்போல, எண்ணி எண்ணி! உள்ளே தராசுத் தட்டுகள்போல இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்று நிரம்பினால் சாயும். காந்தம் ஒரு சுவிட்சை இயக்கும். கணக்கில் ஒன்று ஏறும். அதை அசைக்க மின்சாரம் வேண்டாம். மழைநீரின் எடையே போதும். மற்ற நேரமெல்லாம் கருவி உறங்குகிறது. குறித்த நேரத்தில் விழித்து, அலைபேசிக் கோபுரம் வழியாகவோ செயற்கைக்கோள் வழியாகவோ செய்தியை அனுப்பிவிட்டு மறுபடியும் உறங்குகிறது. அந்தச் சில நொடிப் பேச்சுத்தான் பெருஞ்செலவு. உறங்கும்போது நொடிக்கு ஆகும் செலவு அதிலே மிகச் சிறு பங்குதான்.

இங்கேதான் சிக்கல்! புயல் நாளிலே வெயில் இல்லை, வரவு நின்றுவிடும். அன்றைக்குத்தான் அடிக்கடி பேசவேண்டும், செலவு பெருகும். வெயில் நாளை மட்டும் எண்ணிக் கணக்குப் போட்டவன் ஏமாறுவான். நாலைந்து நாள் சூரியனே தலைகாட்டாவிட்டாலும் தாங்குகிற பேட்டரி வேண்டும். அதிலே மிச்சம் பிடிப்பது சிக்கனமல்ல, சிறுமை!

வேளாண்மைப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டின் 385 ஒன்றியங்களில் தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்தது. 1,400 தானியங்கி மழைமானிகள் நிறுவும் திட்டத்தை மாநில அரசு கையிலெடுத்தது. பெருமைதான்! ஆனால் நட்டுவிட்டு வந்தால் போதுமா? தகட்டிலே தூசு படியும், காக்கை எச்சமிடும், கிண்ணத்தின் வாயை இலை அடைக்கும், பேட்டரி கிழடாகும். துடைக்க ஒரு கை வேண்டாமா? ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒப்படையுங்கள், மாதக் கூலி கொடுங்கள், ஊராட்சி கண்காணிக்கட்டும்.

இதுதான் நம் கோரிக்கை: இரும்பைபோன்ற ஊராட்சி ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி, அதைப் பேணிட ஓர் உழைப்பாளி!

மழையை மன்னன் தவத்திலே தேடினான். மக்களாட்சி அதைக் கணக்கிலே தேடட்டும்; அந்தக் கணக்கு இருட்டிலும் நிற்காதிருக்கட்டும்!