மரை போன போல்ட்

காலை நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது என் கப்சாய்க்குக் கீழே கறுப்பாய் ஒரு வட்டம். முதல் நாள் நானே எண்ணெய் மாற்றியிருந்தேன். வடிக்கும் போல்ட்டை இறுக்கினால் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது. அன்று வானொலிக்குக் கிராப்பில்தான் போனேன்.

போல்ட் எஃகு, எஞ்சின் கூடு அலுமினியம். பலம் காட்டினால் போவது கூட்டின் மரைதான். வெள்ளை டேப் சுற்றச் சொன்னார் நண்பர். நெடுஞ்சாலையில் அது கழன்று, பின்சக்கரத்தில் எண்ணெய் பட்டால்?

பட்டறை அங்கிள் துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டினார். துகள் ஒட்டிக்கொள்ள, வெட்டும் கருவியில் கிரீஸ் தடவிக்கொண்டார். ஹெலிகாயில் என்ற எஃகுச் சுருளை உள்ளே ஏற்றினார். கொஞ்சம் எண்ணெய் ஊற்றி வடித்துக் கழுவினார். பழைய 12 மில்லிமீட்டர் போல்ட்டே மறுபடி பொருந்தியது. புது வாஷர் போட்டு, 17 ஸ்பானரைப் பாதியில் பிடித்து இறுக்கினார்.

“இவ்வளவு போதும், தம்பி.”

நான் பிடிப்பது நுனியில்.