ஔலிக்குப் போறதெண்டால் ஜோஷிமத்தில் தங்குவம்

கம்பஸ் லீவுக்கு இந்தியா போவம் எண்டு தொடங்கின கதை, ஔலியில் பனிச்சறுக்குப் பழகுவதில் வந்து நிற்கிறது. பக்கேஜ் எடுப்பம் என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. காசு மட்டும் காரணமில்லை.

டெல்லியில் இரவு ரயில் ஏறினால் விடியமுன் ஹரித்வார். பிறகு அலக்நந்தா ஆற்றோரமாக ஒரு முழுப் பகல் பஸ், ஏறக்குறைய 270 கிலோமீற்றர். இறங்குமிடம் ஜோஷிமத்.

பக்கேஜ்காரர் அந்த ஊரை ஜன்னலால் காட்டிவிட்டு மேலே ஏற்றிவிடுவார்கள். 2023 ஜனவரியில் அங்கே நூற்றுக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்தது. ஔலிக்கு ஏறும் ரோப்வேயும் அதோடு நின்றது. ஊர் இருப்பது பழைய மண்சரிவின் மேல், பாரமான கட்டடங்கள் வேண்டாம் என்று மிஷ்ரா குழு 1976இலேயே எழுதிக் கொடுத்திருந்தது. (2014இல் புதைந்த எங்கட மீரியபெத்தைக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததுதான்.)

அப்ப போகவே கூடாது எண்டு சிலர் சொல்லினம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. பனிக்கு வரும் ஆட்களை நம்பியிருக்கிற சாப்பாட்டுக் கடைக்காரரும் ஜீப் ஓட்டுநரும் அந்த வெடித்த ஊரில்தான் இருக்கினம். நாங்கள் போகாமல் விட்டால் சுவர் ஒட்டப்போவதில்லை. ஆனால் சரிவில் புதிதாக எழும்பும் ஹோட்டலில் இருந்துகொண்டு, இயற்கைப் பனி போதாது, மெஷின் பனி வேணும் எண்டு கேட்பது வேறு விஷயம். அதற்கு நாங்கள் இல்லை. கீழே, ஏற்கனவே இருக்கிற லொட்ஜில் தங்குவம். பனி விழாட்டி நடப்பம்.

ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னம் திறக்கும். அண்டைக்கே எடுக்கவேணும்.