மத்தியானம் 3 மணி

கிரேக்க நாட்டில் மத்தியானம் 3 மணிக்கு மேல் சுவரில் ஆணி அடித்தால், பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடலாம். தமாஷ் இல்லை. 1996-ல் போட்ட போலீஸ் உத்தரவு. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் முடிய, பகல் 3 மணி முதல் 5.30 வரை, ராத்திரி 11 முதல் காலை 7 வரை 'பொது அமைதி நேரம்'. குளிர்காலத்தில் மணிக்கணக்கு கொஞ்சம் முன்பின்னாக மாறும், அவ்வளவுதான். மதியத் தூக்கத்தைச் சட்டம் போட்டுக் காப்பாற்றும் தேசத்தை 'நாகரிகத்தின் தொட்டில்' என்று சொன்னவர் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

நம் ஆபீஸ்களிலும் ஏறக்குறைய இதே நேரத்தில் பொது அமைதி நிலவுவதுண்டு. என்ன, அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது.

இந்த உத்தரவின் அருமை எனக்குத் தெரிந்தது டிலோஸ் என்ற குட்டித் தீவில். ஏதென்ஸில் ஒரு ஜோலியாகப் போனவனுக்கு, வேலை முடிந்து 5 நாள் கையில் நின்றது. "ஸான்டோரினி போங்க சார், எல்லாரும் அங்கேதான் போறாங்க" என்றார்கள். எல்லாரும் போகிறார்கள் என்ற ஒரு காரணம் போதாதா, வேறு இடம் தேட?

டிலோஸ், ரோட்ஸ் தீவுக்கு வடமேற்கே இருக்கிறது. பரப்பு சுமார் 64 சதுர கிலோமீட்டர். எதிரே துருக்கிக் கரை தெரியும். ஏர்போர்ட் கிடையாது. ரோட்ஸிலிருந்து கப்பல், அதுவும் எல்லா நாளும் வரும் என்று சொல்ல முடியாது. கோடையில் 'மெல்டெமி' என்று ஒரு வடக்குக் காற்று அடிக்கும். அது அளவுக்கு மீறினால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிடுவார்கள். லீவை நீட்டிக்கப் பாட்டியைச் சாகடித்தே பழகிய நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. 'காற்று காரணமாக வர இயலவில்லை' என்று லீவ் லெட்டர் எழுதலாம். முழு உண்மை.

தீவில் ஊர் என்று சொல்ல இரண்டுதான். ஒன்று துறைமுகமான லிவாதியா. மற்றது உள்ளே மலையடிவாரத்தில் மெகாலோ ஹோரியோ. 'பெரிய ஊர்' என்று அர்த்தம். பெரிய ஊரை நிதானமாக நடந்தாலும் கால் மணியில் சுற்றி வந்துவிடலாம். உச்சியில் இடிந்த கோட்டை, கீழே படிப்படியாக வெள்ளை வீடுகள். அதில் ஒன்றுதான் நான் தங்கிய ஓட்டல். 9 அறை. லிஃப்ட் இல்லை, டி.வி. இல்லை, ரிசப்ஷன் இல்லை. அறைச் சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "திருட்டுப் போகாதா?" என்று கேட்டேன். "திருடிட்டு எங்கே போவான்? அடுத்த கப்பல் நாளை மறுநாள்" என்று பதில் வந்தது.

சொன்னவர் ஓட்டல் முதலாளியம்மா. 65 வயசிருக்கும். இங்கிலீஷ் பேசுகிறாரே என்று சந்தோஷப்பட்டுக் காதைக் கொடுத்தால், ஆஸ்திரேலிய இங்கிலீஷ்! சின்ன வயசில் மெல்போர்னுக்குப் போய், இருபத்துச் சொச்சம் வருஷம் சான்ட்விச் கடையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவராம். என்னை மூச்சுக்கு மூச்சு 'லவ்' என்று கூப்பிட்டார். அந்த ஊர்ப் பழக்கம். வீட்டில் சொல்லிவிட வேண்டாம்.

* * *

அங்கே போகிறவர்களுக்குச் சில உபயோகமான குறிப்புகள்.

கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆமாம். 'ஓஹி' என்றால் இல்லை. முதல் நாள் காபி வேணுமா என்று கேட்டபோது 'நோ' என்று ஆரம்பித்தவன், பாதியில் ஏலக்காய் நினைப்பு வந்து இழுத்ததில் அது 'நே' மாதிரி கேட்டு, காபி வந்துவிட்டது. நல்ல காபி. அடியில் அரை இஞ்ச் வண்டல் நிற்கும், கடைசி மடக்கைக் குடிக்கக் கூடாது. ஆனால் வாயைத் திறக்காமல் மோவாயைத் தூக்கி 'ப்ச்' என்றால் அவர்களுக்கும் 'இல்லை'தான். மதுரையிலிருந்து இத்தனை ஆயிரம் மைல் தாண்டியும் 'ப்ச்' செல்லுபடியாகிறது என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

சைவர்கள் பயப்பட வேண்டாம். 'நிஸ்தீசிமோ' என்ற ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விரதச் சாப்பாடு என்று பொருள். அவர்கள் சர்ச் கணக்குப்படி வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி நாள் விரதம். இறைச்சி, முட்டை, பால் எதுவும் கூடாது. அதனால் பெரிய பெரிய மொச்சை மாதிரி பீன்ஸைத் தக்காளியில் வேக வைத்தது, பருப்பு மசியல், கீரை, திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டியது என்று ஜமாய்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ரத்தமில்லாத பிராணி என்று சொல்லி ஆக்டோபஸையும் இறாலையும் விரதத்தில் சேர்த்திருக்கிறார்கள். தட்டில் ஏதாவது எட்டுக் காலோடு வந்தால் 'ப்ச்'.

பாத்ரூமில், உபயோகித்த காகிதத்தைக் குழிக்குள் போடாதே, கூடையில் போடு என்று எழுதியிருக்கும். குழாய்கள் குறுகலாம். தண்ணீர் உபயோகிக்கும் பரம்பரை நாம். இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சிக்கல் கிடையாது.

யானை பார்க்கலாம். டிலோஸில் யானையா? இருந்தது. 1971-ல் ஹர்காதியோ குகையில் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். குள்ள யானை. 2 மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் இவைதான் என்று கருதப்படுகிறது. தீவில் தீனி கொஞ்சம், துரத்த மிருகமும் கிடையாது. அதனால் தலைமுறை தலைமுறையாக உடம்பைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. திருவல்லிக்கேணி மேன்ஷனில் பத்துக்குப் பத்து அறையில் நாலு பேராக இருப்பவர்களுக்கு இந்தப் பரிணாம தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

* * *

இனி அந்த 3 மணிக்கு வருகிறேன்.

செப்டம்பர் கடைசி. சாப்பிட்டு முடித்ததும் ஊர் மொத்தமும் ஜன்னலைச் சாத்திவிட்டது. கடை மூடல். பூனை கூட நிழல் பார்த்துச் சுருண்டுவிட்டது. எங்கேயோ மலையில் ஓர் ஆட்டின் கழுத்து மணி. அது நின்றதும் ஒன்றுமில்லை. என் கைக்கடிகாரம் டிக் டிக் என்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். சென்னையில் அது வேலை செய்கிறதா என்று மணி பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். வேட்டைக்கும் 1993-லேயே தடை போட்டுவிட்டார்கள். ஆகவே துப்பாக்கிச் சத்தமும் கிடையாது.

5.30-க்கு ஊர் திரும்ப உயிர் பெற்றது. முதலாளியம்மா காபியோடு வந்தார். "இந்த அமைதிக்காகவே என்ன வேணாலும் கொடுக்கலாம்மா" என்றேன், கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு.

"ஜனவரியிலே வா லவ். இனாமாவே தர்றேன்" என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை என்னை அவருடைய பழைய வண்டியில் ஏற்றிக்கொண்டு லிவாதியாவுக்கு மேலே ஒரு மலைச்சரிவுக்குக் கூட்டிப் போனார். மிக்ரோ ஹோரியோ. 'சின்ன ஊர்'. வீடு வீடாகக் கல் சுவர்கள் நிற்கின்றன. கூரை இல்லை. வாசல் இருக்கிறது, கதவு இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் அத்திமரம் முளைத்திருக்கிறது. சர்ச் ஒன்று மட்டும் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கிறது. கடல் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஒரு காலத்தில் மேலே ஏறி வீடு கட்டினவர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிழைப்பு தேடிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினார்கள். துறைமுகத்துக்குச் சிலர், ரோட்ஸுக்குச் சிலர், அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மிச்சப் பேர். 1960-களில் ஊர் காலி. போகும்போது கூரை மரத்தையும் கழற்றிக்கொண்டு போனார்களாம். இந்தத் தீவில் நல்ல மரத்துக்குப் பஞ்சம்.

"இதுதான் எங்கம்மா பிறந்த வீடு" என்று ஒரு சுவரைக் காட்டினார். "நேத்து அமைதி அமைதின்னியே... இதுவும் அமைதிதான். கேளு."

கேட்டேன். காற்று கதவில்லாத வாசல் வழியாக நுழைந்து, கூரையில்லாத மேற்பக்கம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் 3 மணிக்குக் கேட்டதும் இதுவும் காதுக்கு ஒன்று போலத்தான் இருக்கிறது. ஆனால் அது, ஆட்கள் உள்ளே தூங்குகிற அமைதி. 5.30-க்கு எழுந்துவிடுவார்கள். இங்கே எழுந்திருக்க ஆளில்லை.

மெகாலோ ஹோரியோவுக்கும் இதே கதி வர இருந்தது. 1991 சென்ஸஸில் தீவின் மொத்த ஜனத்தொகை 279. ஒரு ஃபிளாட் காம்ப்ளெக்ஸ்! அப்புறம் 2001-ல் 533, 2011-ல் 780. 2021 கணக்கில் சற்றே இறங்கி 746. எப்படி நிமிர்ந்தது? டாக்டராக இருந்து மேயரான டாசோஸ் அலிஃபெரிஸ் என்பவர் பேரைத்தான் இன்னமும் சொல்கிறார்கள். 2012-ல் காலமாகிவிட்டார். இயற்கையை அழிக்காமல் அதை வைத்தே ஊரைப் பிழைக்க வைக்கலாம் என்று நம்பினவர். கரண்ட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கோஸ் தீவிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வழியாக டீசல் கரண்ட் வந்துகொண்டிருந்த தீவு இது. கேபிளுக்கு ஜலதோஷம் பிடித்தால் ஊர் இருட்டு. ஐரோப்பிய யூனியன் உதவியோடு 800 கிலோவாட் காற்றாலை ஒன்று, கொஞ்சம் சோலார், 2.88 மெகாவாட் அவர் கொள்ளளவுள்ள பாட்டரி என்று வைத்து, 2018 வாக்கில் சொந்தக் காற்றிலேயே விளக்கெரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கப்பலை நிறுத்துகிற அதே காற்று!

ஆனாலும் அக்டோபர் முடிந்தால் ஓட்டலைப் பூட்ட வேண்டும். கப்பல் குறையும், கடைகள் பாதி மூடும். முதலாளியம்மாவின் பையன் ரோட்ஸில் வேலை பார்க்கிறான். ஈஸ்டருக்குத்தான் வருவான். "அஞ்சு மாசம், லவ். இந்த ரேடியோவை நான் பாட்டுக் கேக்கறதுக்காகப் போடறதில்லே" என்றார்.

ஒரு விஷயம் கவனித்தேன். தினமும் காலையில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இன்டர்வல் விடுவார்கள். கையெண்ணிக்கைப் பிள்ளைகள்தான், ஆனால் சத்தம் என்னவோ ஒரு ரெஜிமென்ட் அளவுக்கு. அமைதி தேடி வந்த ஜெர்மன்காரர் ஒருவர் பக்கத்து மேஜையில் முகத்தைச் சுளித்தார். முதலாளியம்மா பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே நிறுத்திவிட்டு, மணி அடித்துச் சத்தம் அடங்கும் வரை நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம்தான் அடுத்த மடிப்பு.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மிக்ரோ ஹோரியோவிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள்தான். பொங்கலுக்குப் போய்விட்டு வந்து, "ஊர்ல என்ன ஒரு அமைதி தெரியுமா சார்!" என்று கேன்டீனில் சொல்கிறீர்கள். அடுத்த தடவை போகும்போது, அது எந்த அமைதி என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள். பள்ளிக்கூடத்தில் இன்னும் மணி அடிக்கிறார்களா என்பதையும்.

பி.கு: அந்த ஓட்டல் பெயரைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டாம், சொல்ல மாட்டேன். மெகாலோ ஹோரியோ போய் இறங்கி, யாரையாவது 'லவ்' என்று கூப்பிடும் பாட்டி வீடு எது என்று விசாரித்தால் போதும். மூன்று மணிக்குள் விசாரித்துவிடுங்கள்.