மடிக்கணினி வந்தது, மதிப்பெண் ஏடு மாறியதா?

கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கணினிகள் வழங்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. 2011இல் தொடங்கிப் பின்னர் நின்றுபோன மடிக்கணினித் திட்டத்தின் மறுவருகை இது. இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் கருவி கைக்கு வந்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அக்கருவியில் நம் பிள்ளைகள் எழுதும் நிரலை யார், எவ்வாறு மதிப்பிடுகிறார்கள்? தரவு அறிவியல் படிப்புகள் பெருகிவரும் இக்காலத்தில் இக்கேள்வியை இனியும் தள்ளிப்போட இயலாது.

2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவின் ஊரகக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டினரிடமே கணினி இருந்தது. நகர்ப்புறத்தில் அது 23.4 விழுக்காடு. முதல் பருவத்துப் பைத்தான் வகுப்பில் இந்த இடைவெளி நேரடியாக வந்து அமர்கிறது. நிரலாக்கம் பிழை செய்து கற்கும் கலை. எட்டாம் வகுப்பிலேயே வீட்டில் கணினி கண்ட மாணவர் தம் நூறு பிழைகளையும் யாரும் காணாமல் செய்து முடித்துவிட்டே கல்லூரிக்கு வருகிறார். முதல் தலைமுறை மாணவரோ அதே நூறு பிழைகளை வாரம் ஒருமுறை வரும் ஆய்வக வகுப்பில், மதிப்பெண் ஏட்டுடன் நிற்கும் ஆசிரியர் முன்னிலையில் செய்ய வேண்டியிருக்கிறது. பருவ இறுதியில் இருவரும் ஒரே தரத்தில் நிரல் எழுதினாலும், தொடக்க வாரங்களின் குறைந்த மதிப்பெண்கள் இவரது சராசரியை விட்டு அகல்வதில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் ஆய்வகப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 60, பருவத் தேர்வு 40 என மதிப்பெண் பகுக்கப்பட்டுள்ளது. ஒரே நாள் தேர்வின் தலைவிதியிலிருந்து மாணவரை விடுவிக்கும் நல்ல நோக்கம் இதற்கு உண்டு. ஆனால் எழுத்துத் தேர்வின் விடைத்தாளில் பெயர் இருப்பதில்லை. மறுமதிப்பீடு கோரவும் வழியுண்டு. ஆய்வகத்திலோ ஆசிரியருக்கு மாணவரின் முகமும் பெயரும் தெரியும். கல்வி உதவித்தொகைப் பட்டியலில் அவர் இருக்கிறாரா என்பதும் தெரியும். மறுமதிப்பீட்டுக்கு அங்கே இடமில்லை. கண்காணிப்பு மிகக் குறைந்த இடத்தில் மிகுதியான மதிப்பெண் வைக்கப்பட்டிருக்கிறது.

நகலெடுத்ததாகச் சாட்டப்படும் குற்றம் இதனினும் கொடிது. தனியார் கல்லூரி ஒன்றில் பயிலும் பட்டியலின மாணவி ஒருவர் சட்ட ஆலோசனை கேட்டு நம்மிடம் வந்தார். அவரது நிரலும் சக மாணவர் ஒருவரின் நிரலும் ஒத்திருந்தன. விளக்கம் கேட்காமலே இவருக்கு மட்டும் சுழியம் இடப்பட்டது. "நீயாக எழுதியிருக்க வாய்ப்பில்லை" என்ற சொல்லே தீர்ப்பாயிற்று. நாம் எழுத்து மூலம் முறையிட்ட பின்னரே, இரு ஆசிரியர்கள் முன்னிலையில் தம் நிரலை வரிவரியாக விளக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. விளக்கினார், மதிப்பெண் திரும்பியது. வகுப்பில் கேட்ட பழிச்சொல்லுக்கு இன்றுவரை யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

தரவுக் கோப்பைத் திறப்பது, விடுபட்ட இடங்களைச் சராசரியால் நிரப்புவது, பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைப் பிரிப்பது, நேர்கோட்டுத் தொடர்பைக் கணிப்பது ஆகிய தொடக்கப் பயிற்சிகளைப் பத்துப் பதினைந்து வரிகளில் முடிக்கலாம். யார் எழுதினாலும் அவை ஏறத்தாழ ஒன்றுபோலவே அமையும். நிரல்களின் ஒப்புமையைக் காட்ட 1994 முதல் பயன்படும் 'மாஸ்' என்னும் மென்பொருளை உருவாக்கியவர்களே, ஒப்புமை எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்வது தவறு என்கிறார்கள். அந்த எண் விசாரணையின் தொடக்கமே. தண்டனைக்கான சான்று அன்று.

சட்டம் இவ்விடத்தில் மௌனமாக இல்லை. மறுதரப்பைக் கேளாமல் தண்டிக்கலாகாது என்பது இயற்கை நீதியின் முதல் விதி. 2012ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் சமவாய்ப்பு மையத்தையும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரையும் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கின. மருத்துவ மேற்படிப்பு இடஒதுக்கீட்டை உறுதிசெய்த நீல் ஆரேலியோ நூனஸ் வழக்கில், 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தகுதியைச் சமூகச் சூழலோடு சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும் என்றது. நுழைவுத் தேர்வுக்குப் பொருந்தும் அந்த அறம் ஆய்வக மதிப்பெண்ணுக்கும் பொருந்த வேண்டும் என்பதே நமது வாதம்.

ஆகவே நாம் கோருவன இவை. கல்லூரி ஆய்வகங்கள் மாலையிலும் விடுமுறை நாட்களிலும் திறந்திருக்க வேண்டும். முதல் ஆறு வாரப் பயிற்சிகளுக்கு மதிப்பெண் கூடாது. திருத்தமும் விளக்கமும் மட்டும் போதும். தம் நிரலைத் தமிழில் விளக்க மாணவருக்கு உரிமை வேண்டும். ஆங்கிலப் பேச்சுத்திறன் நிரலறிவாக எண்ணப்படலாகாது. ஒப்படைக்கும் கோப்புகள் பெயரின்றி, குறியீட்டு எண்ணுடன் திருத்தப்பட வேண்டும். நகல் குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட்டு, இருதரப்பும் கேட்கப்பட வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு சொல். எழுதும் நிரலின் ஒவ்வொரு படியையும் நாளிட்டுச் சேமித்து வையுங்கள். அதுவே உங்கள் சாட்சி. மதிப்பிடப்பட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பார்வையிடலாம் என 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அரசுப் பல்கலைக்கழகங்களிடம் அகமதிப்பீட்டுப் பதிவுகளையும் இச்சட்டத்தின் வழியே கேளுங்கள். தரவைப் படிக்கக் கற்கும் தலைமுறை, தன் மதிப்பெண் ஏட்டைக் காட்டுமாறு கேட்பதிலிருந்து தொடங்கட்டும்.